மாமன் மடியில் உட்கார ஒரு காது போதும்

போன இதழில் உதட்டுப் பிளவு பற்றி எழுதும்போது, காது மடல் சரியாக அமையாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்துக் காது செய்து வைக்கலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். உதட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆகவே இந்த மாதம் முழுக்கக் காதுதான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன். எங்கள் பக்கத்து ஊர்களில் பெயர் போட்டால் யார் வீட்டுப் பிள்ளை என்று சாயங்காலத்துக்குள் டீக்கடையில் பேச்சாகிவிடும்.

என் இரண்டாவது பையனுக்குப் பதினொரு மாதம். வலது காது இல்லை. அந்த இடத்தில் நிலக்கடலை மாதிரி ஒரு சதைதான் இருக்கிறது, ஓட்டையும் இல்லை. நான் கிரகணத்தன்று கத்தரிக்காய் நறுக்கியதால்தான் இப்படி என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருக்கிறார். வருகிற ஆவணியில் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து வைத்திருக்கிறோம். என் அண்ணன் கடுக்கனெல்லாம் செய்துவிட்டார். ஒரு காதில் மட்டும் குத்தினால் ஊர் சிரிக்கும், ஆபரேஷன் முடிந்தபிறகு வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பத்து வயது ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். தெருவில் இப்போதே "மூளிக்காதன்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் என்ன செய்வது?
— ஒரு தாய், உசிலம்பட்டி அருகில்

தாயி, முதலில் காதுகுத்தை முடித்துவிடுவோம். தள்ளிப் போடாதீர்கள். பத்து வயதுப் பையனை மொட்டையடித்து மாமன் மடியில் உட்காரச் சொன்னால் ஊரைவிட்டே ஓடிவிடுவான். ஆவணியிலேயே வையுங்கள். கிடா வெட்டுங்கள், மொய் எழுதுங்கள். மாமன் மடியில் உட்கார ஒரு காது போதும். நன்றாக இருக்கும் இடது காதில் குத்துங்கள். மிச்சமிருக்கும் கடுக்கனைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுவிடுங்கள், உங்கள் அண்ணன் மனம் கோணாது.

ஆனால் ஆசாரியிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். "சாத்திரத்துக்கு இந்தப் பக்கமும் ஒரு பொட்டுக் குத்திவிடுகிறேன்" என்று ஊசியைக் கொண்டுவருவார். விடாதீர்கள். நீங்கள் கடலை என்று எழுதியிருக்கும் அந்தச் சதைதான் பிற்பாடு காது செய்கிறவருக்குக் கைமுதல். அதன் கீழ்ப்பகுதியைத்தான் பின்பக்கமாகத் திருப்பிவந்து புதுக் காதின் சோணையாக வைப்போம். அதைச் சுற்றித் தழும்பில்லாமல் இருக்கும் தோலுக்கு அடியில்தான் புதுக் காது போய் உட்காரும். அந்தத் தோலில் ஒரு கீறல்கூட விழக் கூடாது. என்னிடம் வந்த ஒரு சிறுமிக்கு, இரண்டு வயதிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் "அசிங்கமாக இருக்கிறது" என்று அந்தச் சதையை வெட்டி எறிந்து தையல் போட்டிருந்தார்கள். செய்தவர் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். பத்து வயதில் அவளுக்குச் சோணை செய்ய நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். நூல் கட்டி உதிரவிடுவது, மருந்து வைத்துக் கரைப்பது எல்லாமே இதில் சேர்த்திதான்.

அடுத்தது கத்தரிக்காய். கரு உண்டாகிய ஐந்தாறு வாரத்தில், கழுத்துப் பக்கம் ஆறு சின்ன மேடுகளாகத்தான் காது தொடங்குகிறது. மூன்றாம் மாதம் முடிவதற்குள் அந்த ஆறும் ஒன்றுகூடி, மெல்ல மேலே ஏறி, காதுக்குரிய இடத்துக்கு வந்துவிடும். அந்தக் கட்டத்தில் ஏதோ ஒன்று தடைப்பட்டால் மேடுகள் சரியாகச் சேராமல் போய்விடுகின்றன. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏன் தடைப்பட்டது என்று கண்டுபிடிக்க முடிவதில்லை. முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் போன்ற சில மாத்திரைகள், கட்டுக்குள் வராத சர்க்கரை நோய் என்று சில காரணங்கள் தெரியும். கத்தரிக்காய் அந்தப் பட்டியலில் இல்லை, கிரகணமும் இல்லை. மேடுகள் சேர வேண்டிய அந்த ஐந்தாறு வாரத்தில் நாள் தள்ளிப்போனது உங்களுக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும். உங்களைக் கத்தரிக்காய் நறுக்காதே என்று சொல்ல மாமியாருக்கு ஜோசியமா தெரியும்? இந்தப் பத்தியை அவரிடம் படித்துக் காட்டுங்கள். கோபத்தை என்மேல் வைத்துக்கொள்ளட்டும்.

ஆறாயிரம் முதல் பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி வருவதாகப் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. ஆண் குழந்தைகளுக்கும் வலது பக்கத்துக்கும் சற்று அதிகம். உங்கள் பையன் இரண்டிலும் பொருந்துகிறான். டாக்டர்கள் இதை மைக்ரோஷியா என்பார்கள், சிறு காது என்று பொருள். மூளிக்காதன் என்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பத்து வயதுவரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். காது செய்ய மரம் வேண்டும். அந்த மரம் விலாவின் முன்பக்கத்தில் இருக்கும் குருத்தெலும்பு. சின்னக் குழந்தையின் விலாவில் அது போதாது. ஜப்பானைச் சேர்ந்த சட்டோரு நகாட்டா என்ற சர்ஜன் ஓர் எளிய கணக்கு வைத்தார். நெஞ்செலும்பின் கீழ்நுனி மட்டத்தில் தையல்காரர் மாதிரி டேப்பைச் சுற்றினால் 60 சென்டிமீட்டர் வரவேண்டும், வயது பத்தை ஒட்டியிருக்க வேண்டும். அமெரிக்காவில் பர்ட் பிரென்ட் ஆறு வயதை ஒட்டியே தொடங்கினார். அவர் முறையில் வேலையைப் பல தடவையாகப் பிரித்துச் செய்வார்கள். எந்த முறையானாலும் நல்ல காது ஓரளவு வளர்ந்திருக்க வேண்டும், அதைப் பார்த்துத்தானே இதைச் செய்கிறோம். இன்னொரு காரணம் என் அனுபவத்தில் வந்தது. பத்து வயதுப் பிள்ளை "எனக்குக் காது வேணும்" என்று தானே சொல்வான். அப்படிச் சொன்ன பிள்ளைகள் நெஞ்சு வலியையும் கட்டையும் பொறுத்துக்கொள்வார்கள். அப்பா அம்மா ஆசைக்காக மேஜையில் ஏறியவர்கள் மூன்றாம் நாளே கட்டைப் பிய்க்கப் பார்ப்பார்கள்.

இந்தப் பத்து வருஷமும் சும்மா இருக்கலாம் என்று அர்த்தமில்லை. இப்போதே செய்ய வேண்டியது காது கேட்கிறதா என்ற பரிசோதனை. அடுத்த கடிதத்தின் பதிலையும் படியுங்கள். தாடை ஒரு பக்கம் சிறுத்திருக்கிறதா, கண்ணில், கழுத்தெலும்பில் ஏதாவது இருக்கிறதா என்று குழந்தை மருத்துவர் ஒருமுறை முழுக்கப் பார்க்கட்டும். வேறு குறை ஏதும் தென்பட்டால் சிறுநீரகத்துக்கு ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்வார். பயந்துவிடாதீர்கள், சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான்.

என் மகளுக்கு ஆறு வயது. பிறவியிலேயே இடது காது மடலும் இல்லை, துவாரமும் இல்லை. வகுப்பில் கவனிப்பதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று டீச்சர் எழுதி அனுப்புகிறார். காது ஆபரேஷன் செய்தால் கேட்டுவிடுமா?
— ஒரு தந்தை, திருமங்கலம்

கேட்காது. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. மடல் செய்வது ஒரு வேலை, கேட்க வைப்பது வேறொரு வேலை. வாசலுக்குத் தோரணம் கட்டுவதும் கிணற்றில் தண்ணீர் வருவதும்போல இரண்டும் தனித்தனி. அப்பா அம்மாக்கள் கண்ணுக்குத் தெரிகிற மடலைப் பற்றியே ஆறு வருஷம் கவலைப்பட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாததை மறந்துவிடுகிறார்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேர் இப்படித்தான்.

நல்ல சேதியும் உண்டு. ஒலியை உணரும் உள்காது தனியாக உருவாகிறது, அதனால் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது நன்றாகவே இருக்கும். வெளியே கதவுதான் அடைபட்டிருக்கிறது. அப்படி அடைபட்ட பக்கத்தில் சாதாரணப் பேச்சு மங்கலாகத்தான் கேட்கும், இல்லையென்றால் கேட்கவே கேட்காது. மறு காது நன்றாக இருந்தால் பேச்சு வந்துவிடும், அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. சத்தமான வகுப்பறையில்தான் வெளிப்படும். உங்கள் மகள் கவனிக்காமல் இல்லை, டீச்சர் நிற்கும் பக்கம் அவளுக்குக் காது இல்லை. நாளைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய், வலது காது டீச்சர் பக்கம் இருக்கிற மாதிரி முன்வரிசையில் இடம் கேளுங்கள். காசு செலவில்லாத வைத்தியம்.

அப்புறம் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்கும் திறன் பரிசோதனை. கைக்குழந்தைகளுக்குப் பேரா என்று ஒரு பரிசோதனை உண்டு. தூங்கும்போது தலையில் ஒட்டுவார்கள், வலிக்காது. உங்கள் மகள் வயதில் சத்தம் கேட்டால் கை தூக்கச் சொல்லியே பார்க்கலாம். எலும்பு வழியாக ஒலியை அனுப்பும் கருவி இருக்கிறது. தலையில் ரிப்பன் மாதிரி பட்டை கட்டி, காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் உட்கார வைப்பார்கள். அதிர்வு நேராக உள்காதுக்குப் போய்விடும். கைக்குழந்தைக்கும் கட்டலாம். ஐந்து வயதுக்குமேல் எலும்பில் பதிக்கும் வகையும் உண்டு, ஆனால் எங்கே பதிப்பது என்பதைப் பின்னால் மடல் செய்யப்போகிறவரிடம் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம். தவறான இடத்தில் தழும்பு விழுந்தால் மடலுக்குச் சிக்கல்.

துவாரம் திறக்கும் அறுவைச் சிகிச்சை எல்லாருக்கும் பொருந்தாது. சி.டி. ஸ்கேன் எடுத்து, உள்ளே இருக்கும் சின்ன எலும்புகளையும் முக நரம்பு போகும் பாதையையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். நல்ல மதிப்பெண் வந்தால்தான் யோசிப்பார்கள். விலாக் குருத்தெலும்பில் காது செய்வதாக இருந்தால் மடல் முதலில், துவாரம் பிறகு.

ரெண்டு காதும் இப்படி இருக்கும் குழந்தை என்றால் கதையே வேறு. அங்கே ஒரு மாதம்கூடக் காத்திருக்கக் கூடாது. பேச்சு வராமல் போய்விடும். முதல் சில மாதங்களிலேயே கருவி கட்டியாக வேண்டும்.

இன்னும் ஒன்று. ஒரே காதால் கேட்பவர்களுக்குச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. மாட்டுத்தாவணியில் பஸ் ஹாரன் அடித்தால் நமக்கே எந்தப் பக்கம் என்று புரியாது, உங்கள் மகளுக்குச் சொல்லவே வேண்டாம். ரோட்டைக் கடக்கும்போது காதை நம்பாமல் கண்ணை நம்பப் பழக்குங்கள். நல்ல காதில் சளி, சீழ் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். அவளுக்கு இருப்பது அது ஒன்றுதான்.

எனக்கு 19 வயது, கல்லூரி இரண்டாம் ஆண்டு. வலது காது சின்னது. பள்ளியிலிருந்து முடியை அந்தப் பக்கமே இழுத்து விட்டுக்கொள்வேன். கொரோனா சமயத்தில் மாஸ்க் மாட்ட முடியாமல் அம்மா எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுத்தார். கண்ணாடியும் அப்படித்தான். ஆபரேஷன் செய்துகொள்ள ஆசை. விலாவை வெட்டுவார்கள் என்றதும் பயமாக இருக்கிறது. நிஜக் காது மாதிரியே இருக்குமா? 19 வயது தாமதமா? அடுத்த வருஷம் மாப்பிள்ளை பார்க்கப்போகிறார்கள்.
— பெயர் வேண்டாம், மேலூர்

தாமதமில்லை அம்மா. வயது ஏற ஏறக் குருத்தெலும்பு இறுகி, செதுக்கும்போது ஒடியத் தொடங்கும். உங்கள் வயதில் நன்றாகவே இருக்கும். அளவும் தாராளமாகக் கிடைக்கும்.

என்ன நடக்கும் என்று சொல்கிறேன், தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். முதலில் உங்கள் நல்ல காதின்மேல் கழுவிய எக்ஸ்ரே ஃபிலிமை வைத்து அதன் கோடுகளை வரைவோம். ஃபிலிமைத் திருப்பினால் மறுபக்கக் காது. பிறகு அது உட்காரவேண்டிய இடம். காதின் உச்சி புருவ மட்டத்தில், சோணை மூக்கின் அடிமட்டத்தில், மொத்தக் காதும் சற்றே பின்னுக்குச் சாய்ந்து. கோயில் தூண்களில் இருக்கும் சிலைகளைப் பார்த்தால் சிற்பிகளுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருந்தது புரியும்.

மயக்கம் கொடுத்தபின் நெஞ்சில் சில அங்குல நீளம் வெட்டி, ஆறு முதல் ஒன்பது வரையிலான விலாக்களின் குருத்தெலும்பை எடுப்போம். எலும்பை அல்ல, அதன் முன்னால் இருக்கும் குருத்தை. அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையை அங்கேயே விட்டுவிட்டால் நெஞ்சில் பள்ளம் விழுவது குறையும். எடுத்த துண்டுகளைச் செதுக்கி, மெல்லிய எஃகுக் கம்பியால் கட்டி, காதின் சட்டத்தைச் செய்வோம். ஒரு துண்டு அடிப்பலகை, ஒன்று வெளி வளையம், ஒன்று உள் மடிப்பு. பிறகு தோலுக்கடியில் ஒரு பை திறந்து சட்டத்தை உள்ளே நுழைத்துவிட்டு, மெல்லிய குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சுவோம். அப்போது தோல் சட்டத்தின்மேல் படியும். வெறும் தோலாக இருந்த இடத்தில் மடிப்பு மடிப்பாகக் காது எழுந்து வரும் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் முப்பது வருஷம் இந்த வேலையில் இருந்தேன்.

செதுக்குவதை எங்கே கற்றேன் என்று மாணவர்கள் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டு விலாக் குருத்தை வாங்கிவந்து, சாப்பாட்டு மேஜையில் கத்தியோடு உட்காருவேன். வீட்டில் அன்றைக்குக் குழம்பில் நல்லி எலும்புதான் இருக்கும், குருத்து இருக்காது. அப்படியும் என் காதுகள் அப்பளம் மாதிரித் தட்டையாகவே வந்தன. ஒருநாள் விளாச்சேரிக்குக் கொலு பொம்மை வாங்கப் போனபோது, ஒரு பெரியவர் களிமண் பிள்ளையாருக்குக் காது வைத்துக்கொண்டிருந்தார். என் கஷ்டத்தைச் சொன்னேன். "சார், வெள்ளை அடிச்சா பள்ளமெல்லாம் பாதி தூந்துபோகும். அதனால மண்ணுல கூடத் தோண்டணும்" என்றார். எனக்கு வெள்ளை என்பது தோல். போர்வை மாதிரி மேலே வரப்போகிற தோலுக்கு இடம்விட்டு, நிஜக் காதில் இருப்பதைவிட ஆழமாக வெட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் என் காதுகளில் நிழல் விழ ஆரம்பித்தது.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஆபரேஷன். தலையோடு ஒட்டியிருக்கும் புதுக் காதைப் பின்னாலிருந்து தூக்கி, அடியில் ஒரு குருத்துத் துண்டை முட்டுக்கொடுத்து, பின்பக்கம் தோல் ஒட்டுவோம். கண்ணாடி மாட்டுவது இதற்குப் பிறகுதான் சரியாக வரும்.

வலி நெஞ்சில்தான், காதில் அவ்வளவாக இல்லை. முதல் மூன்று நாலு நாள் இருமினால், சிரித்தால் வலிக்கும். சிரிக்க வைக்கிற தோழிகளை வார்டுக்குள் விடாதீர்கள். வலி மருந்து தாராளமாகக் கொடுப்பார்கள், கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். புதுக் காதின்மேல் சில வாரங்கள் படுக்கக் கூடாது.

நிஜக் காது மாதிரியே இருக்குமா? இருக்காது. நல்ல கையில் போனால் எதிரில் நிற்பவருக்குத் தெரியாது, தொட்டால் தெரியும். நிஜக் காதை மடிக்கலாம், இது மடியாது, விறைப்பாக இருக்கும். ஒரு மனிதரின் இரண்டு காதையும் யாரும் ஒரே நேரத்தில் உற்றுப் பார்ப்பதில்லை என்பதுதான் எங்கள் தொழிலுக்குக் கடவுள் கொடுத்த சலுகை. தொடு உணர்ச்சி மாதக்கணக்கில் மெல்ல வரும், முழுக்க வராமலும் போகலாம். நெஞ்சில் தழும்பு இருக்கும். நம்மவர்கள் தோலில் அது தடித்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு. முடி தாழ்வாக வளரும் சிலருக்குக் காதிலேயே முடி முளைக்கும், லேசரில் எடுக்க வேண்டிவரும்.

தப்பாகப் போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். என் ஆரம்ப காலத்தில் ஒரு பையனுக்குத் தோலை அதிகமாக மெலிதாக்கிவிட்டேன். ஐந்தாம் நாள் மேல் வளையத்தில் ஒரு ரூபாய் அளவு கறுத்து, உள்ளேயிருந்த குருத்து வெளியே தெரிந்தது. நெற்றிப்பொட்டிலிருந்து திசுவைத் திருப்பி மூடித்தான் காப்பாற்றினேன். காது நின்றது, ஆனால் மேல் மடிப்பு மழுங்கிப்போனது. தவறு என்னுடையது. கிருமி பிடிக்கலாம், கம்பி எட்டிப் பார்க்கலாம், விலா எடுக்கும்போது நுரையீரல் உறையில் கீறல் விழலாம். நீங்கள் போகிற சர்ஜனிடம் இதையெல்லாம் கேளுங்கள். "எத்தனை காது செய்திருக்கிறீர்கள், படம் காட்டுங்கள், நல்லாப் போகாததையும் காட்டுங்கள்" என்று கேளுங்கள். முகம் சுளிக்கிறவரிடம் போகாதீர்கள். இது வருஷத்துக்கு ஒன்று செய்து பழகும் வேலையில்லை.

மாப்பிள்ளை விஷயம். இரண்டு ஆபரேஷனும் தழும்பு அடங்குவதும் சேர்ந்தால் ஒரு வருஷத்துக்குமேல் ஆகிவிடும். முகூர்த்தத்தைக் குறித்துவிட்டு என்னைப் போன்றவர்களிடம் ஓடிவராதீர்கள். நாள் குறித்த ஆபரேஷனில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்கவும் வேண்டாம், நெஞ்சுத் தழும்பை எத்தனை நாள் மறைப்பீர்கள்? ஜிமிக்கி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்தீர்கள் என்று தெரியும். சோணையில் குருத்து இல்லாத இடமாக, சர்ஜன் கையால், எல்லாம் ஆறி ஒரு வருஷம் கழித்துக் குத்திக்கொள்ளலாம். கனமாக வேண்டாம்.

பேரனுக்குப் பிறந்து ஒன்பது நாள். காது முழுசாகத்தான் இருக்கிறது, மேல் பாதி மட்டும் மடங்கித் தொங்குகிறது. தினமும் எண்ணெய் தேய்த்து நீவி விடுகிறேன். சரியாகிவிடுமா?
— ஒரு பாட்டி, வாடிப்பட்டி

இதற்கு உங்கள் மகனின் போனுக்கே பதில் சொல்லிவிட்டேன். இதழ் வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். காது முழுசாக இருந்து மடங்கி மட்டும் இருந்தால், முதல் இரண்டு மூன்று வாரம் பொன்னான நேரம். தாயின் ஹார்மோன் குழந்தையின் உடம்பில் மிச்சமிருக்கும் அந்த நாட்களில் காதுக் குருத்து பிசைந்த மாவு மாதிரி இருக்கும். மென்மையான அச்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டிச் சில வாரம் விட்டால், கத்தியே இல்லாமல் நிமிர்ந்துவிடும். பாட்டி, உங்கள் கை நல்ல கைதான். ஆனால் கை எடுத்ததும் காது பழையபடி மடங்கிவிடுகிறதே. ராத்திரி பகலாகப் பிடித்திருக்க அச்சுதான் வேண்டும்.

எலியின் முதுகில் மனிதக் காது வளர்க்கும் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. அந்தக் காதை வைக்க முடியாதா? பிளாஸ்டிக் காதும் இருக்கிறதாமே?
— செல்லூர் வாசகர்

அந்த எலிப் படம் 1997-ல் அமெரிக்காவிலிருந்து வந்தது. அது மனிதக் காதே இல்லை. காது வடிவ அச்சில் மாட்டின் குருத்தணுக்களைத் தூவி, எலியின் தோலுக்கடியில் வைத்திருந்தார்கள். நோயாளியின் சொந்த அணுக்களிலிருந்து முப்பரிமாண அச்சில் காது செய்து, 20 வயதுப் பெண் ஒருவருக்கு வைத்ததாக 2022-ல் அமெரிக்காவில் அறிவித்தார்கள். அது சோதனைக் கட்டம். நம் ஊர் வார்டில் கேட்டால் கிடைக்கிற பொருளில்லை.

பிளாஸ்டிக் உண்டு. நுண்ணிய துளைகள் கொண்ட பாலிஎதிலீன் சட்டம். விலாவைத் தொட வேண்டாம், மூன்று நான்கு வயதிலேயே செய்யலாம், ஒரே தடவையில் முடிந்துவிடும். பொட்டுப் பக்கமிருந்து திசு எடுத்துச் சட்டத்தைப் போர்த்துவார்கள். ஆனால் அது அந்நியப் பொருள். கிரிக்கெட் பந்து பட்டு உடைந்தாலோ வெளியே தெரிந்தாலோ சொந்தக் குருத்து மாதிரித் தானே ஆறாது. விலாவில் செய்ததை உடம்பு தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளும். என் ஓட்டு விலாவுக்குத்தான், நான் பழைய ஆள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிலிக்கோனில் செய்து மாட்டிக் கழற்றும் காதும் உண்டு. பார்வைக்கு எல்லாவற்றையும்விட அச்சு அசல் இதுதான். தீக்காயத்தில், விபத்தில் காது இழந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நல்லது. மதுரை வெயிலில் நிறம் மங்கும், சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பிள்ளைகளுக்கு எலும்பில் திருகு பதித்து இதை மாட்டிவிட்டால், பின்னால் விலாவில் செய்துகொள்ளத் தோல் சரியாகக் கிடைக்காமல் போகலாம்.

இதற்கெல்லாம் லட்சக்கணக்கில் ஆகுமே. கூலி வேலை செய்கிறவர்கள் எங்கே போவது?
— சோழவந்தான்

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து, அதாவது அரசு இராஜாஜி மருத்துவமனையிலிருந்து தொடங்குங்கள். காது கேட்கும் பரிசோதனைக்கும் முதல் ஆலோசனைக்கும் அங்கேயே போகலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் குழந்தையின் எந்தச் சிகிச்சை அதில் வரும் என்பதை ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு மேஜையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி வீட்டை அடகு வைக்காதீர்கள்.

என் அம்மாவுக்கு 74 வயது. தண்டட்டி போட்டு வளர்த்த காது, தோள்வரை தொங்குகிறது. ஒரு பக்கம் அறுந்தும்விட்டது. பேத்தி கல்யாணத்துக்குக் கம்மல் போட வேண்டும், காதை ஒட்டவைத்துத் தா என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். இந்த வயதில் செய்யலாமா?
— பேரையூர் பக்கம்

தாராளமாகச் செய்யலாம். மயக்க மருந்துகூட வேண்டாம், அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தால் போதும். அதிகமாக இருப்பதை வெட்டியெடுத்து, ஓரங்களைப் புண்ணாக்கித் தைத்துவிடுவோம். புண்ணாக்கினால்தான் ஒட்டும். அறுந்து ஆறிய ஓரத்தைப் பசை போட்டு ஒட்டுகிறேன் என்று சொல்கிறவர்களிடம் போய்விடாதீர்கள். இது புதிய வித்தையும் இல்லை. காது குத்தித் துவாரத்தைப் பெரிதாக்கி, அறுந்துபோனவர்களுக்கு ஒட்டும் வழிகளாகப் பதினைந்தைச் சுசுருத சம்ஹிதை சொல்கிறது. சோணையே இல்லாதவருக்குக் கன்னத்துத் தோலைத் திருப்பிச் செய்யவும் அதில் வழி இருக்கிறது.

நான் தைத்த முதல் காது என் அப்பத்தாவுடையது. பாம்படம் போட்டு வளர்த்த காது. கம்மல் போடாத பெண்களை மூளிக்காதி என்று ஊரெல்லாம் கேட்கத் திட்டும் கிழவி, கடைசியில் பாம்படத்தை விற்று என்னைப் படிக்கவைத்துவிட்டுத் தானே வெறுங்காதோடு நின்றது. நான் பட்டமேற்படிப்பு முடித்து வந்ததும், "என் காதைத் தச்சுக் குடுத்துட்டு ஊருக்குத் தச்சுக்கோ" என்று வந்து உட்கார்ந்துகொண்டது. கை நடுங்கத் தைத்தேன். இடது பக்கம் சற்றுச் சுருக்கமாகவே விழுந்தது. பத்தாம் நாள் தையல் பிரித்துக் கண்ணாடியைக் காட்டினேன். கண்ணாடியைப் பார்க்கவே இல்லை, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா, காதுல ஆளே இல்லாத மாதிரி இருக்கு" என்றது.

உங்கள் அம்மாவைக் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பாவது கூட்டிவாருங்கள். தையல் ஆறி, மறுபடி துவாரம் போட அவ்வளவு நாள் வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்த சீட்டு இருந்தால் கொண்டுவாருங்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டாம், இட்லி சாப்பிட்டுவிட்டே வரலாம்.